மாறுதல் உத்தரவுக்குப் பிறகும்

1823 ஆகஸ்டில் பல்லாரி மாவட்டக் கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மாகாணம் முழுக்க உள்ள நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டிருந்தார். அதற்கான பதில் அது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்துசேரும் ஒழுங்கை கேம்ப்பெல் அதில் எழுதியிருக்கிறார். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் கிடையாது, பழியும் கிடையாது. மூன்றாவதாக வருபவனுக்கு வலிக்காமல் ஓர் அடி. நான்காவதாக வருபவனுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறி என்று பெயரெடுத்தவனை இரு கைகளிலும் கயிறு கட்டிக் கூரையில் தொங்கவிடுவதும், ஓயாமல் மண்டியிட்டு எழுந்திருக்கச் சொல்வதும் உண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அப்படித் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கணக்குதான். முப்பது பிள்ளைகள் படிக்கும் இடத்தில் யாராவது ஒருவன் கடைசியாக வந்தே தீரவேண்டும். அத்தனை பேரும் கோழி கூவுமுன் எழுந்து ஓடிவந்தாலும் ஒருவன் கை வீங்கத்தான் செய்யும். அவன் என்ன தப்பு செய்தான் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. பிள்ளை என்றால் அடி வாங்க வேண்டியவன் என்பது யாரும் எழுதிவைக்காமலே நடந்த ஏற்பாடு.

மன்றோ 1826-இல் திரட்டிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள். அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் எட்டாதவை. இன்று ஊருக்கு ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஆணும் பெண்ணும் எல்லாத் தெருவிலிருந்தும் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இந்த இருநூறு ஆண்டுப் பயணத்தை ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க விரும்புகிறேன்.

கிராமத்துப் பெற்றோரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “அந்த டீச்சர் இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க.” அந்த டீச்சர் தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். வராத பிள்ளையை வீடுதேடிப் போய் அழைத்து வந்திருப்பார். யாரையும் கைநீட்டி அடித்திருக்க மாட்டார். பிறகு பொது மாறுதல் கலந்தாய்வு வந்தது, அவர் போனார், அவரோடு எல்லாமும் போயிற்று. அந்த ஆசிரியரை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் இருந்தவரை பிள்ளைகளுக்குக் கிடைத்தது அவருடைய நல்ல மனசு. அவர் போன பிறகும் எது நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் உரிமை. நம் தொடக்கப் பள்ளிகளின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் சோறு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பின்னர் இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஐந்து பள்ளிகளில் 1922–23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25-இல் 1,671 ஆனது. 1925-இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்றது ஆங்கில அரசு. தட்டு நின்றது. அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு, ‘நேற்று வரை போட்டீர்களே, இன்று ஏன் இல்லை’ என்று கேட்க ஒரு வழியும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துச் சுருங்கிய அளவில் மறுபடி கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் கைதான் இறங்கி ஏறியதே தவிர, பசி எங்கும் போய்விடவில்லை.

1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும் முதலில் கை கொடுத்தது ஊர்க்காரர்களின் நன்கொடைதான். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அரிசியும் காய்கறியும் காசும் கேட்டார். மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். பிறகு அரசு மானியம் சேர்ந்தது, அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனத்தின் மாவும் பால் பொடியும் வந்தன. கொடையாகத் தொடங்கியது மெல்ல அரசின் கடமையானது. 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அடுப்புக்கு ஓர் அமைப்பு வந்தது: அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், பதிவேடு, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஓர் ஒதுக்கீடு. வெளியே இருந்து பார்த்தால் இவை வெறும் அலுவலகச் சமாச்சாரம். ஆனால் அந்தப் பணியிடங்கள் உருவான பிறகுதான் தலைமையாசிரியரின் தயவை எதிர்பார்க்காமல் சோறு தட்டுக்கு வந்தது. பின்னால் ஆட்சிகள் மாறி மாறி வந்தும் ஒருவரும் அந்த அடுப்பை அணைக்கத் துணியவில்லை. முட்டைதான் கூடுதலாக வந்தது.

நாடு முழுவதற்கும் இது 2001 நவம்பர் 28-இல் வந்தது. சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என்று எல்லா மாநிலங்களின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அணாக் கணக்கில் தொடங்கி நீதிமன்ற உத்தரவு வரை வர எண்பது ஆண்டு ஆகியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில்தான் இருந்தது. மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. சத்துணவு நடந்து காட்டிய பாதை அதற்கு உதவியது என்பதே என் கருத்து.

வயிற்றுக்கு அடுத்தது பிள்ளையின் நேரம். அது யாருக்குச் சொந்தம்? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த மாற்றத்தின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு; மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். இரண்டு முறைகளாகப் பிரித்தால் இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்தே இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவருடைய வாதம். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். அந்தச் சண்டையை அரசியல் சண்டையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது குழந்தை உரிமையின் பெரிய வழக்காகத் தெரிகிறது. வண்ணார் வீட்டுப் பிள்ளையின் மத்தியானப் பொழுது அவனுடையதா, அப்பனின் துறைக்குச் சொந்தமானதா என்பதல்லவா அங்கே கேட்கப்பட்டது? பிள்ளைக்கே என்று தீர்ப்பானது. ஆனால் ஊர்களில் அந்தத் தீர்ப்பு நடைமுறையாக நெடுங்காலம் பிடித்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், இருட்டு விலகாத நேரத்தில் வந்து நிற்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பேருந்தில் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போனார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல்தான் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில்.

மூன்றாவது உடம்பு. இங்கேதான் நம் வழக்கமே நமக்கு எதிரி. அடியாத மாடு படியாது என்று பழமொழி வைத்திருக்கிறோம். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் அப்பா, “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க சார், மத்த தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்கமாட்டேன்” என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பிள்ளையின் மேலிருக்கும் பாசத்தோடுதான் சொல்லுவார். அவன் முன்னேற வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பேச்சில் இருக்கும். அதைச் சொல்லும்போது பக்கத்தில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் தோலைப் பற்றிய பேரம் அதன் தலைக்கு மேலேயே முடிந்துவிடும்.

2003-இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, மாணவர்களைத் திருத்துகிறோம் என்று உடலையோ மனத்தையோ வதைக்கக் கூடாது என்றது மாநில அரசு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் அடியோடு தடுக்கிறது. பிரம்பு பல பள்ளிகளில் உண்மையிலேயே மறைந்துவிட்டது. மனத் துன்புறுத்தல் என்ற இரண்டாவது பாதிதான் இன்னும் வகுப்பறைக்குள் நுழையவில்லை. மக்கு என்பதும், அப்பன் தொழிலைச் சொல்லித் திட்டுவதும், தங்கையின் மதிப்பெண்ணை அண்ணன் முன்னால் உரக்க வாசிப்பதும் அடி என்ற கணக்கில் வருவதில்லை.

ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான் உண்மை. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்கிறது சட்டம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நடுநடுவே கைபேசியில் பள்ளித் தகவல்களை ஏற்றும் எமிஸ் பதிவையும் முடிக்கவேண்டும். அந்த நெருக்கடியில் குரல் உயரும், கை நீளும். அடிக்காதே என்று சுற்றறிக்கை அனுப்புகிற துறை, அடிக்காமல் வகுப்பு நடத்தக்கூடிய நிலைமையையும் ஏற்படுத்தித் தரவேண்டும். அது இல்லாதவரை சட்டத்தின் பாரம் முழுவதும் களைத்துப்போன ஒருவரின் பொறுமை மேல் வந்து விழும். பொறுமை என்பதும் மாறுதலில் போய்விடக் கூடிய ஒன்றுதான்.

தாட்சண்யம் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள், மாடியில் கீற்றுக் கொட்டகை, ஒடுக்கமான படிக்கட்டு. சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. பெரும்பாலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அன்றைக்கும் விதிகள் இருந்தன. பள்ளிக்கூடம்தானே, நல்ல காரியம்தானே என்று விட்டுக்கொடுத்துப் போகும் பெரியவர்களின் சுமுகத்தில் அந்த விதிகள் அடங்கிக் கிடந்தன. கீற்றுக் கொட்டகைகள் அதற்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து அகன்றன. ஜூலை 16 வரும்போதெல்லாம் நம் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் படிக்கட்டின் அகலத்தையும் வாசல் கதவின் தாழ்ப்பாளையும் ஒரு முறை சரிபார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அஞ்சலியாக அது இருக்கும்.

சாதியைத் தொடாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியதே, மற்ற பள்ளிகளின் கதவு திறக்காததால்தான். கதவுகள் திறந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் 2023-இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது, சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் கரூர் மாவட்டத்தில் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக் காட்டவேண்டியிருந்தது. கழிவறையைக் கழுவச் சொல்லும்போது எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்ற செய்தியும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம் என்பவை போன்ற பரிந்துரைகள் மேல்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்துச் சொன்னவை போலத் தோன்றலாம். கயிறு பத்தாம் வகுப்பில் கைக்கு வருகிறது. யார் சமைத்ததைத் தொடக்கூடாது என்ற பாடம் ஒன்றாம் வகுப்பிலேயே வீட்டிலிருந்து வந்துவிடுகிறது. அந்தப் பாடத்தை அழிக்கக்கூடிய ஒரே இடம் தொடக்கப் பள்ளியின் பந்தி.

சோறு, நேரம், உடம்பு, இடம். இவற்றுக்கெல்லாம் குறையோ நிறையோ சட்டமும் அமைப்பும் வந்துவிட்டன. இன்னமும் முழுக்க முழுக்க ஆசிரியரின் நல்ல மனசையே நம்பி நிற்பது ஒன்று இருக்கிறது: பிள்ளை சொல்வதைக் கேட்பது.

சுண்டு விரலை உயர்த்திக்கொண்டு எழுந்து நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்த மனு அந்த விரல்தான். “இப்பத்தானே போய்ட்டு வந்தே, உக்காரு” என்றால் முடிந்தது. குழந்தை உட்காரும். கால்களை இறுக்கிக்கொள்ளும். சில நாள் நனைந்த பாவாடையோடு வீட்டுக்குப் போகும். சிரித்த பிள்ளைகளின் முகம் அதற்கு ஆயுளுக்கும் மறக்காது. மூன்றாம் நாளிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்ளும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். கழிவறையில் தண்ணீர் வரவில்லை, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்ற தகவல் எந்த அதிகாரிக்கும் முன்னால் அந்தக் குழந்தைக்குத் தெரியும். அதை யாரும் அதனிடம் கேட்பதில்லை. 1098, 14417 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதியிருக்கிறோம், ‘மாணவர் மனசு’ என்று பெட்டியும் வைத்தோம். நல்ல முயற்சிகள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே இப்போதுதான் பழகுகிற பிள்ளை பெட்டிக்குள் என்ன எழுதிப் போடும்?

பிள்ளைகளின் சொல்லைக் கேட்பதை ஓர் அமைப்பாகவே ஆக்கிக் காட்டியவர் போலந்து மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். 1912-இல் வார்சாவில் திறந்த அநாதை இல்லத்தில் அவர் பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்றை நடத்தினார். பிள்ளைகளே நீதிபதிகள், ஊழியர்கள் மேலும் வழக்குப் போடலாம், கோர்ச்சாக்கையே விசாரணைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தக் குழந்தைகளைத் திரெப்ளிங்காவுக்கு ஏற்றிப் போனபோது அவரும் கூடவே போனார். அதே போலந்து 1978-இல் ஐ.நா.வில் குழந்தைகள் உரிமைக்கு உடன்படிக்கை வேண்டும் என்று முன்மொழிந்தது. 1989 நவம்பர் 20-இல் அது நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பர் 11-இல் இணைந்தது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தரவேண்டும் என்கிறது.

இது தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அந்நியமான சங்கதி இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்து, 2007–08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். தொடக்கப் பள்ளிச் சுவரைச் சுற்றிலும் தரையோடு ஒட்டிக் கரும்பலகை அடித்தார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் கொஞ்சம் இடம். ஆசிரியர் பாயில் இறங்கி உட்கார்ந்தார். அந்த முறையின் அட்டைகளையும் ஏணிப்படியையும் குறித்து ஆசிரியர்களுக்கு மனக்குறை நிறைய இருந்தது. பிறகு வேறு திட்டங்கள் வந்தன. ஆனால் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை பல பள்ளிகளின் சுவரில் இன்னமும் இருக்கிறது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் பள்ளிக்கூடத்தைக் கட்டலாம் என்று ஒரு முறை நிரூபித்திருக்கிறோம்.

காதுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மிச்ச உறுப்பினர்களைச் சொல்லும் இடத்தில், ஒன்றிய அரசு 2010-இல் வெளியிட்ட விதிகள் உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டே வந்து, ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் / பள்ளிக் குழந்தைகள்’ என்று ஒரு சாய்கோடு போட்டிருக்கின்றன. யாரை எடுப்பது என்பதைக் குழுவில் உள்ள பெற்றோர் முடிவு செய்யலாம். பெரும்பாலும் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பவரே நாற்காலியில் அமர்கிறார்.

பெற்றோர்களைக் கேட்கிறேன்: அடுத்த முறை குழு அமைக்கும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் பாருங்கள். நான்காம் வகுப்பிலிருந்தும் ஐந்தாம் வகுப்பிலிருந்தும் ஒவ்வொருவர், இருவரில் ஒருத்தி பெண் குழந்தை. கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் ஒன்றாம் வகுப்பு வரை போய், எது பயமாக இருக்கிறது, எது உடைந்து கிடக்கிறது என்று கேட்டு வரட்டும். கூட்டத்தில் அவர்கள் சொல்வதைத் தலைமையாசிரியர் தீர்மானப் பதிவேட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தைப் படித்து, என்ன செய்தோம் என்று சொல்லித் தொடங்கட்டும். தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது மேசை, நாற்காலி, பீரோ சாவி, பதிவேடுகள் என்று பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் பட்டியலில் பிள்ளைகள் சொன்னவையும், அவற்றில் இன்னும் செய்யாமல் விட்டவையும் ஒரு வரியாக ஏறட்டும். புதிதாக வருபவர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடட்டும்.